முப்பத்தைந்தில் ஒரு பங்கு மாமியார்

பிப்ரவரி 4

அன்புள்ள ஆமைக்கு,

உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் பிரித்துவிட்டாய் என்றால் நான் பாதிக் கிணறு தாண்டிவிட்டேன். மீதியையும் தாண்ட விடு. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே, கிடைத்தது.

நான் பட்டாளத்தை விட்டு வந்து எட்டு வருஷம் ஆகிறது. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் பழுது பார்க்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் முழங்கால் மக்கர் பண்ணியது. டாக்டர் இரண்டு மாதம் உட்காரச் சொன்னார். சும்மா உட்கார்ந்தால் வீட்டில் எல்லார் உயிரையும் எடுப்பேன் என்று பயந்து, மகள் ஒரு பிளாஸ்டிக் பீரங்கி வண்டிப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். துண்டு துண்டாக இருக்கும், வெட்டி ஒட்டி வர்ணம் அடிக்க வேண்டும். அதில் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. அலமாரியில் இப்போது பதினொரு வண்டி நிற்கிறது. துணிமணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது என்று வீட்டம்மா தினமும் ஒரு பாட்டு வைக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ரெஜிமெண்டில் புதிதாக ஒரு அரங்கு கட்டுகிறார்கள், ஆகஸ்டில் திறப்பு. அங்கே வைப்பதற்கு நம் பழைய பீரங்கி வண்டி மாமியாரைச் செய்து தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. அத்தனை டன் இரும்பும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அந்தப் பெயரை அண்ணன் வைத்தது ஞாபகமிருக்கிறதா? "உள்ள போனா குனிஞ்சுதான் உக்காரணும், எதுத்துப் பேச முடியாது, வெயில் ஏறினா நம்மளத்தான் வறுக்கும், இதுக்கு வேற என்னடா பேரு வைக்க முடியும்?" என்று கமாண்டர் மூடியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னாரே.

சிக்கல் என்னவென்றால், என்னிடம் இருப்பது மூன்றே படம். மூன்றும் வலது பின்பக்கத்திலிருந்து எடுத்தது. முன்பக்கமும் இடது பக்கமும் உன் ராஜ்யம். மூன்று வருஷம் அந்தத் துவாரத்தில் உட்கார்ந்து ஓட்டினவன் நீ. ஆகவே கேட்கிறேன். விளக்குக் கம்பிக் கூட்டில் எத்தனை போல்ட்? முன் தகட்டில் உதிரிச் சக்கரச் சங்கிலித் துண்டு ஐந்தா ஆறா? உன் இருக்கைக்கு உறை போட்டிருந்தாயே, அது என்ன துணி?

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைச் செய்வதற்கு முன்னால் எந்த நாள் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். வாங்கிய அன்றைய வண்டி வேறு, மழைக்காலத்து வண்டி வேறு. எந்த நாள் என்று தெரிந்தால்தான் எங்கே துரு, எங்கே சேறு, எது உடைந்தது, எது தொலைந்தது என்று சொல்ல முடியும். நான் அந்த வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சிக்கு முந்தின நாள் மத்தியானம், மாமியாரைக் குளிப்பாட்டி நிறுத்தினோமே, அந்த நாள்.

பதில் போடு.

உன் பழைய கன்னர்,
பூதக்கண்ணாடி


பிப்ரவரி 17

பூதக்கண்ணாடிக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கப் பேனா வரவில்லை. வருத்தப்படாதே, பழக்கம் விட்டுப்போயிற்று.

இருபத்தாறு வருஷம் கழித்துக் கடிதம் எழுதுகிறவன் கேட்கிற முதல் கேள்வி, விளக்குக் கூட்டில் எத்தனை போல்ட்! படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பிறகு போல்ட்டை எண்ண ஆரம்பித்துவிட்டேன். நம் புத்தி அப்படி.

உன் கையெழுத்தை நான் கடைசியாகப் பார்த்தது விசாரணை அறையில். வண்டி பாலத்தின் இடது ஓரத்தில் இறங்கி வாய்க்காலில் கவிழ்ந்ததற்கும், மூடியில் நின்றிருந்த அண்ணன் வண்டிக்கு அடியில் போனதற்கும் டிரைவரின் கவனக்குறைவே காரணம் என்று ஒரு காகிதம். கீழே சாட்சி என்ற இடத்தில் உன் கையெழுத்து. அழகாகத்தான் போட்டிருந்தாய். அந்த மாதமே என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன். ஆறு மாடி. மேலே போகும், கீழே வரும். இடமும் கிடையாது, வலமும் கிடையாது. என் சுபாவத்துக்குத் தோதான வேலை. ஸ்டீயரிங்கைத் தொட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. வீட்டில் ஸ்கூட்டர் என் மனைவிதான் ஓட்டுவாள், நான் பின்னால் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். தெருவில் சிரிக்கிறவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

உன் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள்தான், "கேட்டது வெளக்கப் பத்திதானே, அதுக்கு என்ன கௌரவம், எழுதிப் போடுங்க" என்றாள். எழுதுகிறேன்.

ஒவ்வொரு கூட்டுக்கும் நான்கு போல்ட். வலது கூட்டில் ஒன்று தொலைந்து, சாப்பாட்டு அறை பெஞ்சிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினேன். அது மட்டும் வட்டத் தலை, மற்றவை ஆறு முனை. அதன் பிறகு அந்த பெஞ்சில் உட்கார்ந்த சமையல்காரர் விழுந்தது உனக்கு ஞாபகமிருக்கும். சங்கிலித் துண்டு ஐந்து. ஆறாவது இடம் காலி, அதில் என் துண்டைக் காயப் போடுவேன். இருக்கைக்குக் கோணிச் சாக்கு.

இன்னொன்று. மூக்குத் தகட்டுக்குக் கீழே, இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். அதிகாரியின் ஜீப் தானாக வந்து முட்டியது என்று மூன்று பேரும் சத்தியம் செய்தோமே, அது.

ஆமை


மார்ச் 6

அன்புள்ள ஆமைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ திட்டியதும் சரிதான். திட்டியதற்குக் கீழே வட்டத் தலை போல்ட்டைப் பற்றி எழுதியிருந்தாயே, அப்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த போல்ட்டைச் செய்துவிட்டேன். கடுகில் பாதி இருக்கும். பிளாஸ்டிக் கம்பியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்து, நுனி உருண்டதும் வெட்டி ஒட்டினேன். இரண்டு உருண்டை தும்மலில் போயிற்று. மூன்றாவது நின்றது. நசுங்கலுக்குச் சூடான கரண்டியின் பின்பக்கத்தை வைத்து அழுத்தினேன். என் மனைவி அந்தக் கரண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். புருவம் பிடுங்கும் இடுக்கியையும் தேடிக்கொண்டிருக்கிறாள். கல்லுளிமங்கன் மாதிரி நானும் சேர்ந்து தேடுகிறேன்.

சங்கிலிதான் உயிரை வாங்கிவிட்டது. ஒரு பக்கத்துக்கு அறுபத்து நான்கு துண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் பிசிறு. உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகை அழிந்துவிட்டது. இழுவைக் கயிற்றுக்குத் தையல் மெஷின் நூலில் மூன்று இழை முறுக்கி மெழுகு தடவினேன், அசல் இரும்பு வடம் தோற்றுவிடும். துருவுக்கு வர்ணக் கட்டியைப் பொடித்துத் தூவினேன். வர்ணம் உதிர்ந்த இடங்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கிள்ளி, சாயத்தில் தொட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

படம் இரண்டு வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் தயவு தாட்சணியம் பார்க்காமல் சொல். உன் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு, பதில் போட வைத்த புண்ணியவதி.

உன்,
பூதக்கண்ணாடி


மார்ச் 25

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

பார், பேனா வந்துவிட்டது.

படங்களை லிஃப்டில் வைத்துப் பார்த்தேன். நான்காவது மாடி நர்ஸ் எட்டிப் பார்த்து, "நெஜ வண்டியா? பக்கத்துல ஏன் இவ்ளோ பெரிய தீக்குச்சி?" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நானும் அதை நிஜம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நசுங்கலைப் பார்த்ததும் கை தானாக வயிற்றுப் பக்கம் போயிற்று. ஜீப் முட்டியபோது லீவர் இடித்த இடம் அது. உன் கையில் சரஸ்வதி இருக்கிறாள், மறுக்க முடியாது.

தப்புக்கு வருகிறேன். சேற்றை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெளித்திருக்கிறாய். மாமியார் அப்படி அழுக்காக மாட்டாள். முழங்காலுக்குக் கீழேதான் சேறு. மேலே வெறும் தூசி, அதுவும் நாம் ஏறி இறங்கும் இடத்தில் தேய்ந்து போயிருக்கும். நான் இடது காலை முதலில் வைத்து ஏறுவேன். அந்த இடத்தில் வர்ணம் போய் இரும்பு பளபளப்பாகத் தெரியும். வீட்டு வாசற்படி நடுவில் தேய்ந்திருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

இரண்டாவது தப்பு. என் மூடியைத் திறந்து வைத்திருக்கிறாய். சாத்து. சாத்திக்கொண்டால் நான் வெளியே பார்ப்பதற்கு மூடிக்கு முன்னால் மூன்று கண்ணாடிக் கட்டிகள் உண்டு, நடுவில் ஒன்று, வலம் ஒன்று, இடம் ஒன்று. உன் படத்தில் மூன்றும் வெறும் குழியாக இருக்கிறது. கண்ணில்லாத பொம்மை மாதிரி எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கண்ணாடியை வை.

கடைசியாக ஒன்று. நாளை மாற்று. வியாழக்கிழமை வேண்டாம், வெள்ளிக்கிழமையைச் செய். குளித்து முடித்த மாமியாரை யார் வேண்டுமானாலும் செய்வான். காலையில் நாம் பாலத்துக்குக் கிளம்பிய மாமியாரைச் செய். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்.

உன்,
ஆமை


ஏப்ரல் 11

அன்புள்ள ஆமைக்கு,

சேற்றைத் துடைத்துத் திரும்பப் போட்டுவிட்டேன். நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உன் கால் பட்ட இடத்துக்குப் பென்சில் கரியைத் தேய்த்தேன், இரும்பு மாதிரியே மின்னுகிறது.

நாளை மாற்றுவது நடக்காத காரியம். ரெஜிமெண்டில் அபசகுனம் என்பார்கள். திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் தெரியுமா? அண்ணியை. அண்ணன் பெயரில் உள்ள வண்டியை அவர் மனைவி திறந்து வைப்பதுதானே முறை. அவர்கள் முன்னால் போய் அந்த வெள்ளிக்கிழமையை வைக்கச் சொல்கிறாயா? ஆறின புண்ணைக் கீறி யாருக்கு என்ன ஆகப் போகிறது?

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரோ சொல்லி நீ கேட்க வேண்டாம். வண்டிக்குக் கீழே ஒரு பித்தளைப் பட்டை வரும். அதில் கமாண்டர் பெயரும் கன்னர் பெயரும் இருக்கும். டிரைவர் பெயர் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் போனவர் என்று கோப்பில் இருக்கிறதாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஊதுகிற சங்கை ஊதினேன், அவர்கள் காதில் விழவில்லை.

நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். உனக்கு ஆமை ஓடு.

உன்,
பூதக்கண்ணாடி


ஏப்ரல் 19

பூதக்கண்ணாடி,

உன் பட்டையில் என் பெயர் வேண்டாம். அதை நீயே வைத்துக்கொள்.

நீ விளக்கைக் கேட்டாய், போல்ட்டைக் கேட்டாய், கோணிச் சாக்கைக் கேட்டாய். அந்த மூன்று கண்ணாடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொன்ன பிறகும் சேற்றைப் பற்றிப் பத்தி எழுதிவிட்டுக் கண்ணாடியைத் தாண்டிப் போய்விட்டாய். ஒவ்வொரு உறையைக் கிழிக்கும்போதும் இதில் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அதற்காகத்தான் பதில் போட்டேன், இப்போது உண்மையைச் சொல்கிறேன்.

நீ சொல்ல மாட்டாய். நானே சொல்கிறேன். புதன்கிழமை இடது கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கிப் பால் பூத்துவிட்டது. ஸ்டோரிலிருந்து வேறு வாங்கி மாட்டு என்று உன்னிடம் சொன்னேன், அது உன் வேலை. வியாழக்கிழமை கேட்டேன். "மாட்டியாச்சுடா" என்றாய். நான் போய்ப் பார்க்கவில்லை. நீ சொன்னால் எனக்கு வேதவாக்கு. வெள்ளிக்கிழமை காலை மூடியைச் சாத்தியபோது இடது பக்கம் வெறும் வெள்ளைச் சுவர். அண்ணன் கீழே அதிகாரிகளோடு பேசிக்கொண்டிருந்தார். உன்னிடம் மைக்கில் சொன்னேன். "எடது பக்கம் நான் பாத்துக்கறேன், நீ போ" என்றாய். போனேன்.

பார்வை இல்லாமல் வண்டியை எடுத்தது என் தப்பு. அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், இறங்கியிருக்க வேண்டும். அதை நான் விசாரணையிலும் மறுக்கவில்லை, இன்றைக்கும் மறுக்கவில்லை. ஆனால் விழுந்ததில் எல்லாக் கண்ணாடியும் நொறுங்கிவிட்டது. எது பால் பூத்தது, எது நல்லது என்று காட்ட வழியில்லை. உன்னைக் கேட்டார்கள். "டிரைவர் எந்தக் குறையும் சொல்லவில்லை, கண்ணாடி மூன்றும் நன்றாக இருந்தன" என்றாய். என் பங்கை நான் சுமப்பேன். இருபத்தாறு வருஷமாக உன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறேனே, அதுதான் முடியவில்லை.

அண்ணன் காரியத்துக்கு நான் போனேன். அண்ணி வாசலில் நின்று, "எந்தக் கையால ஓட்டினே?" என்று கேட்டார்கள். இரண்டு கையையும் காட்டினேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். எத்தனை நாள் நமக்குச் சாப்பாடு போட்ட வீடு அது. உன்னையும் என்னையும் தம்பி என்று கூப்பிட்டவர்கள். அன்றைக்குப் பிறகு நான் வண்டி ஓட்டவில்லை.

எனக்கு வேலை திரும்ப வேண்டாம், பெயர் வேண்டாம். அண்ணிக்குத் தெரிந்தால் போதும். அவர்கள் திறந்து வைக்கும் வண்டியில் இடது கண்ணாடி எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதைச் செய்ய முடியுமென்றால் எழுது. முடியாதென்றால் இனிமேல் போல்ட்டைப் பற்றி என்னைக் கேட்காதே.

ஆமை


ஜூன் 8

அன்புள்ள ஆமைக்கு,

ஏழு வாரம் ஆகிவிட்டது. பதில் வராது என்று முடிவு கட்டியிருப்பாய். நானும் போடுவதில்லை என்றுதான் முதலில் முடிவு கட்டினேன். உன் கடிதத்தை மெஷின் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியை முடிக்க உட்கார்ந்தேன். மிச்சம் இருந்தது அந்த மூன்று கண்ணாடிதான்.

இவ்வளவு சின்னக் கண்ணாடிக்கு நாங்கள் கண்ணாடி வைப்பதில்லை. பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசையை ஒரு சொட்டு விடுவோம். விடும்போது பால் மாதிரி இருக்கும், காயக் காயத் தெளிந்து கண்ணாடியாகிவிடும். நூறு தடவை செய்திருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று குழியிலும் ஊசியால் ஒவ்வொரு சொட்டு விட்டேன். மூன்றும் வெள்ளையாக என்னைப் பார்த்தன. சரி, காயட்டும் என்று காத்திருந்தேன். வலது தெளிந்தது. நடு தெளிந்தது. இடதில் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அது மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

மூடி சாத்தியிருக்கிறது. இரண்டு கண் தெளிவு, ஒரு கண் பால். என் கையால் நான் செய்தது, என் மேஜையில் இருக்கிறது. அது தெளியும்வரை அந்த நாற்காலியில் உட்கார என்னால் முடியவில்லை. எழுந்து கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன். என் மனைவி ஓடிவந்து, "என்ன சாப்ட்டீங்க, என்ன ஆச்சு?" என்று முதுகைத் தடவினாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். இத்தனை வருஷம் என்னோடு வாழ்கிறவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நீ எழுதியது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நான் கண்ணாடியை மாற்றவில்லை. வியாழக்கிழமை ஸ்டோரில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள், நாளைக்கு வா என்றார்கள். காலையில் முதல் வேலையாக மாட்டிவிடலாம், இவனிடம் எதற்குச் சொல்லிக்கொண்டு என்று மாட்டியாச்சு என்றேன். காலையில் மறந்துவிட்டேன். உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. பாலத்தின் மேல் இடது பக்கம் நான் பார்க்கவில்லை. காலைத் தபாலில் என் மனைவியின் கடிதம் வந்திருந்தது. அவளுக்கு அப்போது எட்டாவது மாதம். குழந்தை உள்ளே எப்படி உதைக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். டரெட் கூண்டுக்குள் குனிந்து அதை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். வண்டி சாய்ந்தபோது என் கையில் இருந்தது அதுதான்.

விசாரணையில் உண்மையைச் சொன்னால் குழந்தை பிறக்கும்போது நான் உள்ளே இருப்பேன் என்று நினைத்தேன். உன்னைச் சும்மா எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது, நினைத்தேன். பட்டையில் உன் பெயருக்காக எவ்வளவோ சொன்னேன் என்று எழுதினேனே, அதுவும் பொய். ஒரு தடவை கேட்டேன், முடியாது என்றார்கள், சரி என்று வந்துவிட்டேன்.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் மச்சினியைப் பார்க்க உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளே ஸ்டூலில் நீ. நீ நிமிர்வதற்குள் திரும்பி, இந்த முழங்காலோடு நான்கு மாடி படியேறிப் போனேன். திரும்பும்போது வாசல் காவலாளியிடம் உன் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மாமியாருக்கு நாள் குறித்தது அதற்கு அடுத்த வாரம். வியாழக்கிழமையை ஏன் எடுத்தேன் என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது.

அண்ணி வீட்டுக்குப் போனேன். மூன்று மணி நேரம் பஸ். இப்போது உனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர்கள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாம் முடிந்ததும் நீ எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டார்கள். சொன்னேன். "சரி, நீ கெளம்பு" என்றார்கள்.

ரெஜிமெண்டுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் கோப்பைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது, எது செய்தாலும் சரி. வண்டி அரங்குக்கு வேண்டாமாம். அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வைக்கிறார்கள்.

மாமியார் இப்போது வெள்ளிக்கிழமை. இடது கண்ணாடி காய்ந்து தெளிந்ததும் அதன் மேல் வெள்ளை வர்ணத்தை நீர்க்கக் கரைத்துத் தடவினேன். சரியாக வந்திருக்கிறது.

உன்னிடம் மன்னிப்பு கேட்கிறேன். இருபத்தாறு வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

பூதக்கண்ணாடி


ஜூலை 2

பூதக்கண்ணாடிக்கு,

அண்ணி வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, பார்வையாளர் நேரம், லிஃப்ட் முழுக்கக் கூட்டம். வெள்ளை முடியோடு ஒரு அம்மா மூலையில் நின்றார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் இறங்கிய பிறகும் நிற்கிறார்களே என்று, "எத்தனாவது மாடிம்மா?" என்றேன். "நீ எதுவரைக்கும் போறியோ அதுவரைக்கும், தம்பி" என்றார்கள். அந்தத் தம்பியில்தான் தெரிந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்ல வேளை, லிஃப்டுக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆறாவது மாடிக்குப் போனோம், கீழே வந்தோம், மறுபடி போனோம். நடுவில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. அண்ணி ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் பேசினார்கள். "உன் கையக் காட்டு" என்றார்கள். காட்டினேன். பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது மாடியில் கதவு திறந்தபோதும் விடவில்லை.

பிறகு ஒன்று கேட்டார்கள். "அவர் கடைசியா என்ன சொன்னார்?"

உனக்குத் தெரிந்திருக்காது, நீ கடிதத்தில் இருந்தாய். என் காதுக் கருவியில் அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. பின்னால் வந்த வண்டி பாலத்தில் சரியாக ஏறுகிறதா என்று திரும்பி நின்று பார்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பாட்டு, கிளம்பும்போதெல்லாம் பாடுவாரே, முதல் வரி மட்டும். அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, சுருதி ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம். அதைச் சொன்னேன். பயந்து கத்தினாரா, வலியில் ஏதாவது சொன்னாரா என்று இருபத்தாறு வருஷமாக அண்ணி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேட்க என்னைத் தவிர ஆள் கிடையாது, என்னைத்தான் வாசலிலேயே அனுப்பிவிட்டார்களே.

அண்ணி சிரித்தார்கள். "அவருக்கு ரெண்டாவது வரி எப்பவுமே வராது" என்றார்கள். அப்புறம் அந்த இரண்டாவது வரியை, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், மெதுவாகச் சொன்னார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். நான்காவது மாடியில் கதவு திறந்ததும் வெளியே நின்ற நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டுப் படியில் போய்விட்டாள்.

நீ என் வேலையைத்தான் எடுத்துக்கொண்டாய் என்று நினைத்திருந்தேன். இதையும் எடுத்துக்கொண்டிருக்கிறாய், அவர்களிடமிருந்து. ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடிய ஒரு விஷயம். ஆகவே மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுத மாட்டேன். பிறகு எழுதுவேனா என்றும் தெரியாது. ஆனால் நீ பஸ் ஏறிப் போனாய், வாயைத் திறந்து சொன்னாய். அது லேசான காரியமில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

மாமியாரை அண்ணி கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருக்கட்டும். வெறும் வண்டியாக வேண்டாம், ஆட்களோடு வேண்டுமாம். கமாண்டர் மூடியில் அண்ணன் நிற்க வேண்டும். பின்னால் திரும்பி நிற்கட்டும். வாய் திறந்திருக்க வேண்டும். பாடுகிற வாய், கத்துகிற வாய் இல்லை. விரல் நீளப் பொம்மையில் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவர உன்னால்தான் முடியும் என்று நான்தான் அண்ணியிடம் சொன்னேன்.

மூடிக்கு உள்ளே என்னை உட்கார வை. டரெட்டின் கூரையை ஒட்டுவதற்கு முன்னால் உன்னையும் உள்ளே வை. குனிந்து, கையில் அந்தக் கடிதத்தோடு. கூரையை ஒட்டிவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. இருந்தாலும் செய், அண்ணிக்கு நீ அங்கே இருப்பது தெரியும்.

முடிந்ததும் தபாலில் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு வா. எந்த நாள் என்று எழுதினால் நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

ஆமை